கடைசிச் சரணத்தில் அடைக்காத பெட்டி

என் அன்பு அண்ணை,

பெட்டி பாடிவிட்டது. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

நம் தேவாலயத்துக்கு நீங்கள் செய்து கொடுத்த வால்வு அம்பிளிபயர் பெட்டி, பாடகர் குழு குரலை உயர்த்தும்போதெல்லாம் தொண்டை அடைத்து நிற்குமே, மறந்திருப்பீர்களா என்ன? அதற்குப் பயந்து நத்தார் ஒளிவிழாப் பாட்டின் கடைசிச் சரணத்தில் நீங்கள் சத்தக் குமிழில் கை வைத்தபடி நிற்க, எல்லாரும் மெல்லப் பாடப் பழகினார்கள். நீங்கள் ஊரைவிட்டுப் போனபிறகு சேர்ந்த பிள்ளைகள் அதை ஏதோ பக்தி வழக்கம் என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார்கள். கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்களா, கோபித்திருப்பீர்களா?

இந்த மார்கழியில் குழுவை நடத்தும் செல்வி அக்கா முடிவாகச் சொல்லிவிட்டார்.

"பிள்ளை, இந்த ஒளிவிழாவோடை உந்தப் பெட்டியைக் கழட்டி வைப்பம். புதுசு ஒண்டு வாங்குவம். கொண்ணை கோவிக்க மாட்டார்."

நீங்கள் கோபிப்பீர்கள் என்று எனக்கல்லவா தெரியும். "ஒருக்கால் திறந்து பாத்திட்டுச் சொல்லுறன்" என்றேன்.

திறந்ததும் உங்கள் பிடிவாதம்தான் முதலில் தெரிந்தது. கடைசி வால்வின் கிறிட்டை, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் அந்த உள்வலையை, நேர்மின் பக்கம் தள்ளினால்தான் முழுப் பலமும் வரும் என்பீர்கள். வால்வு எரிந்துவிடும் என்று மற்றவர்கள் பயமுறுத்துவார்கள். "எரியாது. அந்த நேரம் கிறிட்டுக்குப் பசிக்கும், அவ்வளவுதான்" என்று நீங்கள் மறுப்பீர்கள். சரிதான் அண்ணை, நேர்ப்பக்கம் போனால் கிறிட் தானும் மின்னோட்டம் கேட்கிறது. ஆனால் நீங்கள் அதற்கு முன்னால் மின்னைத் தேக்கி வைக்கும் கொண்டென்சரை அல்லவா வைத்திருந்தீர்கள்? உரத்த சத்தத்தில் அது மின்னேறி, வடியும்வரை வால்வை வாய் திறக்க விடாது. அடைக்கிறதே என்று நீங்கள் இன்னும் பெரியதாய்ப் போட, அடைப்பு இன்னும் நீண்டது. கெட்டிக்காரர்தான், போங்கள்.

அதை எடுத்துவிட்டேன். கேட்ட மின்னோட்டத்தைத் தயங்காமல் கொடுக்க இடையில் ஒரு சின்ன வால்வை வைத்து, அதன் கதோட் முனையிலிருந்து கிறிட்டுக்கு நேராகக் கம்பி இழுத்தேன். பாட்டில்லாத நேரத்தில் கிறிட் பழையபடி எதிர்மின்னிலேயே நிற்கிறது; அதனால் வால்வு சூடேறி எரியாது.

ஒளிவிழா அன்று குழுவிடம், "கடைசிச் சரணத்தைத் தொண்டை கிழியப் பாடுங்கோ" என்றேன்.

"எங்கடை வழக்கம் அப்பிடி இல்லையே, அன்ரி" என்றாள் ஒருத்தி.

"அது வழக்கமில்லைப் பிள்ளை. என்ரை அண்ணையின்ரை கொண்டென்சர்."

பாடினார்கள். அப்படிப் பாடி எத்தனை காலம்! உங்களுக்குப் பிறகு குமிழைப் பார்ப்பது நான்தானே, பழக்கதோஷத்தில் என் கை அதற்குப் போனது; இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். பெட்டி ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. வால்வும் எரியவில்லை. தெருவில் சைக்கிளோடு போனவர்கள் மதிலடியில் நின்று எட்டிப் பார்த்தார்கள். செல்வி அக்கா என்னிடம் வந்து, "இனி உந்தப் பெட்டியை ஆரும் கழட்டினால் என்னட்டை வாங்கிக் கட்டுவினம்" என்றார்.

நாம் வென்றுவிட்டோம் அண்ணை. எனக்கு அழுகை வந்தது. நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டிருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். கடைசிச் சரணத்தில் அந்தக் குமிழை இனி நான் தொடமாட்டேன். யாரையும் தொட விடவும் மாட்டேன்.

உங்கள் பிடிவாதத்தில் பாதியைச் சீதனமாய்க் கொண்டுபோன
தங்கச்சி,
ராணி