தண்ணீர் வைக்காத மேசை

ஃபேரர் பார்க், சிங்கப்பூர்
நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மிரண்டாவுக்கு,

அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பெர்த்தில் நீயும் மாப்பிள்ளை கீத்தும் சுகமாக இருக்க வேண்டுமென்று செபமாலையில் தினமும் ஒரு மணியை உங்கள் இருவருக்காகத் தள்ளுகிறேன்.

இந்தக் காலத்தில் தாளில் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. அம்மாவின் போனிலிருந்து நான் அனுப்பிய இரண்டு செய்திகளுக்கும் நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. தாள் என்றால் மடித்து அலமாரியில் போட்டுவிட்டு, கோபம் குறைந்த ஒரு நாளில் எடுத்துப் படிக்கலாம். நான் நாலாம் வகுப்போடு நின்றவன், செய்தித்தாளைப் படித்துப் படித்துத் தமிழ் பழகியவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகளை இப்போதுதான் கழற்றுகிறார்கள். நம் அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கி வேலை நடப்பதால் அம்மா மூட்டு வலியோடு படியேறுகிறாள். மார்க்கெட் பையை நான் தூக்குகிறேன். அவளுக்குச் சர்க்கரை குறைந்திருப்பதாகப் பாலிகிளினிக்கில் சொன்னார்களாம். அங்கே வெயில் கொளுத்துகிறது என்று செய்தியில் பார்த்தேன். உன்னால் ஒரேயடியாகத் தண்ணீர் குடிக்க முடியாது என்பதால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டுவிடாதே. இது எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். சொல்கிறேன்.

டிசம்பரில் வருகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். காத்தோங்கில் மாப்பிள்ளை வீட்டில் தங்குவீர்களாம். கிறிஸ்துமஸ் மதியம் இங்கே ஒரு மணி நேரம் வந்து போவீர்களாம். சாப்பாடு வேண்டாமாம். இதைச் சொல்லும்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இலை எல்லாம் தீர்ந்த பிறகும் வெறும் தண்டைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். அதை நான் விடப்போவதில்லை. பிப்ரவரியில் உனக்கு ஆபரேஷன் நடந்தபோது பித்தப்பையில் கல் என்று சொன்னீர்கள். உடம்பு இளைப்பதற்காக இரைப்பையையே வெட்டிச் சிறிதாக்கியிருக்கிறார்கள் என்று நீ, மாப்பிள்ளை, அம்மா மூன்று பேருக்கும் தெரியும். பெற்றவனுக்குத் தெரியாது. நான் லூர்து மாதா கோவிலில் உன் பித்தப்பைக்காக நவநாள் வேண்டினேன். இல்லாத கல்லுக்காக ஒன்பது நாள் முழங்காலில் நின்றவன் நான்.

அப்பாவிடம் சொன்னால் சண்டை வரும் என்று நீ பயந்தாயாம். வந்துதான் இருக்கும். அதற்கு முந்தைய வருஷம் நீ அந்தப் பேச்சை எடுத்தபோது, கத்தி வைத்துச் சரிசெய்ய உடம்பு என்ன பஸ்ஸா என்று கேட்டேன். இன்றைக்கும் என் எண்ணம் பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் முப்பத்தாறு வயதில் நீ சர்க்கரைக்கு ஊசி போட ஆரம்பித்ததை நான் பார்த்தேன். மேம்பாலத்தில் பாதிப் படியில் உட்கார்ந்து, செருப்பைச் சரிசெய்கிற மாதிரி மூச்சு வாங்கியதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டேன்.

இனி மே மாதம், என் எழுபதாவது பிறந்தநாள்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். தட்டில் சோறு விழுவதற்கு முன் எல்லாருக்கும் தண்ணீர் வைப்பேன். கூஜாவை வேறு யாரையும் தொட விடமாட்டேன். அன்றைக்கும் பதினைந்து பேருக்கும் வைத்துக்கொண்டே வந்தேன். நீ உன் டம்ளரைத் தள்ளி வைத்தாய். கைதவறித் தள்ளியிருப்பாய் என்று மறுபடி பக்கத்தில் வைத்தேன். “அப்புறம் குடிக்கிறேன்பா” என்று இன்னும் தூரத்தில் தள்ளினாய். பிரியாணி மூன்று வாய்கூட இறங்கவில்லை, விக்கல் வந்தது. அப்போதும் தண்ணீர் வேண்டாம் என்றாய். என்னோடு பஸ் ஓட்டிய கோவிந்தராசு சும்மா இருக்கவில்லை. “என்ன ஆம்ப்ரோஸ், உன் மகளும் உன்ன மாதிரியே பச்சத் தண்ணி தொட மாட்டா போல லா” என்றான். மேசையே சிரித்தது.

அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். என் அண்ணன் சவரிமுத்து, உன் பெரியப்பா, ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் என்னைப் படிப்பில்லாதவன் என்று சொன்னார். இனி உன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இருபத்திரண்டு வருஷம் குடிக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன் அவர் இறந்த அன்று செசிலி பெரியம்மா அழுதுகொண்டே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்காமல் கீழே இறங்கி வந்து புளோக்கின் அடியில் நின்றேன். நீ என் பக்கத்தில்தான் நின்றாய்.

ஒரு வீட்டில் தண்ணீரை மறுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். ஆகவே நீ டம்ளரைத் தள்ளியபோது, அந்தப் பாடத்தை என்னிடமே நடத்துகிறாய் என்று நினைத்துவிட்டேன். எழுந்து வந்து உன் தலைக்குமேல் நின்று, “குடி, இது உன் அப்பன் வீடு” என்றேன். நீ என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு அரை டம்ளரை ஒரே மூச்சில் குடித்தாய்.

அப்புறம் நடந்ததை எழுத வேண்டாம். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. விருந்தாளிகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதவைப் பார்த்து, பிடிக்காத வீட்டுக்கு எதற்குச் சாப்பிட வந்தாய் என்று கேட்டேன். நீ வெளியே வந்தாய், பையை எடுத்தாய், போய்விட்டாய். ஜூனில் பெர்த்துக்குக் கிளம்பும்போது அம்மாவைக் கீழே வரச் சொல்லி விடைபெற்றாய். நான் மேலே ஜன்னலில் நின்றேன். நீ நிமிர்ந்து பார்க்கவில்லை.

செப்டம்பரில் ஆரோக்கிய மாதா நவநாள் அட்டையைத் தேடி அம்மாவின் செபப் புத்தகத்தைத் திறந்தேன். உள்ளே ஆஸ்பத்திரியில் உனக்குக் கொடுத்த தாள்கள், நாலு பக்கம், ஆங்கிலத்தில். அம்மாவைக் கேட்டேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். படித்துக் காட்டுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அகராதியை வைத்துக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்து நானே வரி வரியாகத் தமிழில் எழுதினேன். சாப்பிடுவதற்கு அரை மணி முன்பே குடிப்பதை நிறுத்த வேண்டும். சாப்பிடும்போது குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் மறுபடி குடிக்க வேண்டும், அதுவும் சிறு மடக்காக. வயிறு சிறியது, சோறும் தண்ணீரும் சேர்ந்தால் தாங்காது. இவ்வளவுதான். ஒரு நாலாம் வகுப்புக்காரனுக்குப் புரிகிற விஷயம்.

அந்த வரிக்கு நீ சிவப்பில் கோடு போட்டிருந்தாய். ஓரத்தில் உன் கையெழுத்து. “அம்மா, இதுதான் முக்கியம். அப்பா தண்ணி வைப்பாரு. நான் வேணாம்னா அவருக்குக் கஷ்டமா இருக்கும். நீங்க எப்படியாவது சமாளிங்க.” பிறந்தநாளன்று நான் தண்ணீர் வைத்த நேரம் அம்மா அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாளாம். இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

நான் அதை ஐந்தாறு தடவை படித்தேன். குடித்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே குடித்திருக்கிறாய். நான் என் அண்ணன் வீட்டில் செய்ததை நீ என் வீட்டில் செய்யவில்லை, மிரண்டா.

இன்னொன்றும் யோசித்தேன். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன். கிராஞ்சிப் பக்கம் போய்த் திரும்பும் வழியில் நடுவில் இறங்கி ஒதுங்க இடம் கிடையாது. வண்டி எடுக்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே குடிப்பதை நிறுத்திவிடுவேன். யாராவது போத்தலை நீட்டினால் அப்புறம் என்பேன். அவர்களில் ஒருவரும் அதை விரோதமாக எடுத்துக்கொண்டதில்லை. உன் வாயிலிருந்து அதே வார்த்தை வந்தபோது எனக்கு மட்டும் ஏன் விளங்கவில்லை என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து நானும் அம்மாவும் சாப்பிடும்போது தண்ணீர் வைத்துக்கொள்வதில்லை. உனக்காக விரதம் என்று நினைக்காதே. அது எப்படி இருக்கிறது என்று பார்க்க விரும்பினேன். முதல் நாள் மீன் குழம்பில் காரம் அதிகம், கை தானாக டம்ளரைத் தேடியது. மெல்ல மென்று சாப்பிட வேண்டியிருக்கிறது. நான் ஐந்து நிமிடத்தில் தட்டைக் கழுவுகிறவன் என்பது உனக்குத் தெரியும். இப்போது சாப்பிட்டு முடித்த பிறகு அரை மணி நேரம் நானும் அம்மாவும் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். நாற்பது வருஷத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

தேக்கா உணவங்காடியில் கோவிந்தராசு இதைக் கவனித்துவிட்டான். “மீ கோரெங் நூடுல்ஸ வச்சுகிட்டு தே தண்ணி குடிக்காம கடிகாரத்த பாக்கிற ஆள இன்னைக்குத்தான் பாக்கிறேன் லா. டாக்டர் ஒனக்கு வயித்த கியித்த வெட்டிட்டாரா?” என்றான். எனக்கில்லை, என் மகளுக்கு என்று விஷயத்தைச் சொன்னேன். அவன் தன் கோப்பையையும் தள்ளி வைத்துவிட்டான். “பாப்பாகிட்ட நான் சாரி கேட்டேன்னு எழுது” என்றான். எழுதிவிட்டேன். அவனுக்கு அது சுலபமாக வருகிறது.

போன ஞாயிறு கல்லறைத் திருநாள். பூசை முடிந்து, பெரியப்பாவின் அஸ்தி வைத்திருக்கும் இடத்தில் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு, பஸ் பிடித்து ஆங் மோ கியோவில் அவர் வீட்டுக்குப் போனேன். செசிலி பெரியம்மா கதவைத் திறந்தாள். உட்காருவதற்கு முன்பே தண்ணீர் கேட்டேன். அவள் கொண்டுவந்த டம்ளர் வழியெல்லாம் தளும்பியது. குடித்தேன். இதைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன். நீயும் கேட்காதே.

கிறிஸ்துமஸ் அன்று மேசையில் யாருக்கும் டம்ளர் இருக்காது. பங்குச் சாமியார் வந்தாலும் இருக்காது. கூஜா அடுப்படியில் இருக்கும். அம்மா மீனை முள் எடுத்து மசித்து வைப்பாள், உன் தாளில் மூன்றாம் பக்கத்தில் போட்டிருக்கிற மாதிரி. நாலு கரண்டி சாப்பிடு. போதும் என்றால் போதும். இன்னும் கொஞ்சம் என்று நான் வாய் திறந்தால் மேசைக்கு அடியில் என் காலை மிதிக்கும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் இப்போதே பழகிக்கொண்டிருக்கிறாள்.

பித்தப்பை விஷயத்தில் உன்மேல் எனக்கு இருக்கும் வருத்தம் அப்படியே இருக்கும். நேரில் வரும்போது அதற்குச் சண்டை போடலாம்.

நீ ஒரு மணி நேரம்தான் என்று சொன்னாய். நான் கணக்குப் பார்த்தேன். நீ மெல்ல மென்று சாப்பிட இருபது நிமிடம். அதற்குப் பிறகு முப்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்போம், பேச ஏதாவது இருந்தால் பேசுவோம். மீதி பத்து நிமிடம் இருக்கிறது. அப்போது நான் கூஜாவை எடுத்து வருகிறேன். அரை டம்ளர்கூட வேண்டாம், ஒரே ஒரு மடக்கு, உன் வயிறு கேட்கிறபடி மெல்ல. என் கையால் ஊற்றுவதைக் குடித்துவிட்டுக் காத்தோங்குக்குப் போ, மகளே. ஆண்டவர் உன் கூடவே இருப்பார்.

உன் அப்பா,
ஆம்ப்ரோஸ்