சோபாவின் ஸ்பாஞ்ச் காரின் கதவுக்குள்

தம்பி மொலேஃபி,

நேற்று எதிர்வீட்டு டிக்கெலேடி அக்கா நம் சோபாவில் உட்கார்ந்து, பலகையில் இடித்துக்கொண்டாள். "என்னடி, உன் சோபா பட்டினி கெடக்குதா?" என்றாள். உறையைத் திறந்தால் உள்ளே பழைய செய்தித்தாள்!

ஸ்பாஞ்ச் முழுவதும் உன் காரின் கதவுகளுக்குள் இருக்கிறதாம். "கம்மி செலவுல பாட்டு கணீர்னு கேக்கணும்னா இதான் வழி" என்று நீ பீற்றியது தெருவுக்கே தெரியும், எனக்குத்தான் தெரியாது.

இன்று பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் நம் பெண் ரெஃபில்வேக்குப் பரிசமாக எத்தனை மாடு தருவது என்று பேச வருகிறார்கள். தாய்மாமன் நீதான் பேசவேண்டும். அவர்களைச் செய்தித்தாள் மேல் உட்காரவைத்தால், வீட்டின் லட்சணத்தைப் பார்த்து இரண்டு மாட்டைக் குறைத்துவிடுவார்கள். மாமெலோடி ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள்.

நான் இறைச்சி வாங்கப் போகிறேன். திரும்புவதற்குள் கார்க் கதவுகளின் உள்மூடியைக் கழற்றி, ஸ்பாஞ்சை எடுத்துச் சோபாவில் வைத்துத் தைத்துவிடு. ஊசி நூல் மாவு டப்பா மேலே. சோள மாவில் பாப் களி கிண்டிவைத்திருக்கிறேன், தின்றுவிட்டு வேலையைத் தொடங்கு.

அக்கா

பி.கு.: காலையில் உன் காரில் ஒரு பாட்டுப் போட்டுப் பார்த்தேன். கதவு கடகடக்கவே இல்லை. பாடுகிறவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. கோபம் தீரவில்லை. ஆனால் முன்கதவு ஸ்பாஞ்சை மட்டும் விட்டுவை. அதனால் சோபாவில் காலியாக இருக்கும் இடத்தில், மாடு பேசி முடியும்வரை நீ உட்கார்.