அறுபத்திரண்டு மூட்டைகள்

தேன்கனிக்கோட்டை ரோடு,
26.6.2006

தம்பி மாதேஸ்வரனுக்கு அக்கா சரோஜம்மாள் எழுதுவது. நாங்கள் இங்கே சுகம் என்று எழுதத்தான் ஆசை. உன் தயவில் அது முடியவில்லை.

வெள்ளிக்கிழமை போன் செய்தபோது, "எழுத்து மூலமா குடுக்கா, கமிட்டியில வெக்கிறேன்" என்றாய். கூடப்பிறந்தவளிடம் மனு கேட்ட தம்பி இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்தன்தான். சரி, எழுதுகிறேன், வைத்துக்கொள்.

மூன்று ஞாயிறுக்கு முன் உன் குழுவினர் முப்பது பேர் மஞ்சள் தொப்பியும் கிளவுஸுமாக வந்தீர்கள். பாலத்திலிருந்து எங்கள் நிலம்வரை ரோட்டின் இரண்டு பக்கமும் குப்பை பொறுக்கினீர்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. அறுபத்திரண்டு மூட்டை கட்டி என் வேலியோரம் வரிசையாக வைத்தீர்கள். அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டீர்கள். நான் கொடுத்தனுப்பிய பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, "நாளைக்கு வண்டி வரும்" என்று சொல்லிப் போனீர்கள். இன்றுவரை ஒரு வண்டியும் வரவில்லை.

நாய்கள் மூட்டையைக் கிழித்துவிட்டன. காற்றடித்தால், கேழ்வரகு விதைக்க உழுது வைத்த நிலம் முழுக்க பிளாஸ்டிக் கவர். மாடு அந்தப் பக்கம் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்வதே எனக்கு வேலையாகிவிட்டது. முன்பு ஊரார் குப்பை இரண்டு மைலுக்குச் சிதறிக் கிடந்தது. நீங்கள் சேர்த்துக் கட்டி மொத்தத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டீர்கள். ஓரகத்தி நாகம்மா, "உன் தம்பி சீர் அனுப்பிச்சிருக்கான், எடுத்து உள்ள வெக்கலயா?" என்று கேட்கிறாள். புகுந்த வீட்டில் எனக்கு இது தேவைதான்.

மூட்டையை எடு. எடுக்காவிட்டால் ஆவணியில் உன் மகள் காதுகுத்துக்கு அத்தைக்காரி வரமாட்டாள். இதையும் கமிட்டியில் வை.

அக்கா
சரோஜம்மாள்


ஓசூர்,
5.7.2006

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. ஞாயிறு கூட்டத்தில் படித்தேன். சீர் பற்றிய வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

நகராட்சி எல்லை பாலத்தோடு முடிகிறதாம், பஞ்சாயத்தைக் கேட்கச் சொல்கிறார்கள். பஞ்சாயத்தில் வண்டி இல்லை என்கிறார்கள். இரண்டு இடத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். பொறுக்குவதுதான் குழுவின் வேலை, ஏற்றிப்போவது அல்ல என்கிறார் எங்கள் குழுத் தலைவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வருபவர்களை இன்னும் எவ்வளவு கேட்பது? எல்லோரும் பாராட்டுகிறார்கள், தாங்கள் ஒருவர்தான் குறை சொல்கிறீர்கள். பேப்பரில் வந்த போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன்.

காதுகுத்தை இதில் இழுக்க வேண்டாம். நான் வாங்கிப் போட்ட மனையில்தான் பந்தல். தாய்மாமன் ஊத்தங்கரையிலிருந்து வருகிறார். அத்தை இல்லாமல் எப்படி? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சி. மாதேஸ்வரன்
செயலாளர், சாலைத் தூய்மைக் குழு


தேன்கனிக்கோட்டை ரோடு,
22.7.2006

மாதேஸ்வரா,

உனக்கு மூக்குச் சிந்திவிட்டவளைத் 'தாங்கள்' ஆக்கிவிட்டாய். செயலாளர் அல்லவா, இருக்கட்டும்.

செவலை மாடு செவ்வாய்க்கிழமை செத்துப்போய்விட்டது. ஆறு மாதச் சினை. நாலு நாள் தீனி எடுக்கவில்லை, வயிறு உப்பிக்கொண்டே போனது. டாக்டர் அறுத்துப் பார்த்து ஒரு கூடை கவர் எடுத்துப் போட்டார். எல்லாமே உன் மூட்டையிலிருந்து வந்தது என்று சொல்லமாட்டேன். ரோட்டோரம் மேய்ந்த மாடு, முன்பும் தின்றிருக்கும். ஆனால் வாசலிலேயே கொண்டுவந்து பரப்பி வைத்தது நீங்கள். நான் எத்தனை நேரம்தான் காவல் இருப்பேன்?

உன் மாமா தனியாகவே குழி வெட்டிப் புதைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போட்டோவில் எல்லோரும் சிரிக்கிறீர்கள். திருப்பி அனுப்பியிருக்கிறேன். இனி எழுதமாட்டேன்.

சரோஜம்மாள்


ஓசூர்,
6.8.2006

அன்பு அக்காவுக்கு,

நீ எழுதமாட்டேன் என்றாய். நான் எழுதுகிறேன்.

புதன்கிழமை லீவு போட்டு டெம்போவோடு வந்தேன். அதற்கு முன் முப்பது பேருக்கும் போன் செய்தேன். பொறுக்க வந்தவர்கள் தூக்க வரவில்லை. நீயும் வெளியே வரவில்லை. மாமாதான் வந்து ஒவ்வொரு மூட்டைக்கும் மறுபக்கம் பிடித்தார். கிழிந்ததையெல்லாம் பழைய சாக்கில் போட்டுக் கட்டிக்கொடுத்தார். போகும்போது, "பாத்துப் போ" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

குப்பைக் கிடங்கில் வெளியூர்க் குப்பையை இறக்க விடவில்லை. சாயங்காலம்வரை சுற்றினோம். டிரைவர் திம்மராயன், "எங்கியாச்சும் ரோட்டோரமா தள்ளிட்டுப் போயிடலாம் சார், யாரு பாக்கறாங்க" என்றார். ஒரு நிமிஷம் நானும் ரோட்டை முன்னும் பின்னும் பார்த்தேன் அக்கா, பொய் சொல்லமாட்டேன்.

கடைசியில் என் மனையிலேயே இறக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். வீட்டில் மேகலா, "பந்தல் எங்க போடுவீங்க, மூட்டை மேலயா?" என்று கேட்டதோடு சரி, பேசுவதில்லை. நாலு நாள் நாற்றமே எனக்குத் தாங்கவில்லை. நீ எட்டு வாரம் இருந்திருக்கிறாய்.

செயலாளர் வேலையை விட்டுவிட்டேன். செவலைக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தப்பு என்னுடையது. நீ இல்லாமல் குழந்தைக்குக் காது குத்த மனசு வரவில்லை. தள்ளிப்போட்டுவிடலாமா?

உன் தம்பி
மாது


தேன்கனிக்கோட்டை ரோடு,
12.8.2006

மாதுவுக்கு,

தேதியை மாற்றாதே. குப்பைக்காக யாராவது முகூர்த்தத்தைத் தள்ளிப்போடுவார்களா? உனக்கு எப்போதுதான் புத்தி வரும்?

பந்தலை இங்கே போடு. மூட்டை இருந்த இடத்தை மாமா மேடு தட்டிச் சமன் செய்துவிட்டார். வாசல் தெளிக்கச் சாணிக்கு நாகம்மாவிடம்தான் போய் நிற்க வேண்டும். நிற்கிறேன்.

செவலையை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. கொட்டகைப் பக்கம் போனால் இன்னும் வயிறு எரிகிறது. அதற்கும் குழந்தையின் காதுக்கும் சம்பந்தமில்லை. பந்தல் இங்கேதான் என்று நான் சொன்னதாக மேகலாவிடம் சொல்லு, அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

உன் குழுவினரையும் கூப்பிடு. வரட்டும், சாப்பிடட்டும். ஆனால் ஒன்று. பந்தி முடிந்ததும் அத்தனை இலையும் டம்ளரும் எங்கே போகும், யார் கொண்டுபோவார்கள் என்று முதலில் எனக்குச் சொல்லு. அதற்குப் பிறகு வந்து பந்தக்கால் நடு.

அக்கா
சரோஜம்மாள்