சுதன் விழுந்த கடல்

யூலை 3, வியாழன்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. வீடெல்லாம் புழுதி. காலையில் கூட்டியது, மத்தியானம் மறுபடியும். அம்மா சாப்பிடவில்லை.

தம்பி சுதன் ரஷ்யாவின் வடக்குக் கடலில் தவறி விழுந்து மூன்று கிழமை. கடலாழம் அளக்கும் கப்பலில் வேலை. கப்பல்காரர்கள் இன்னும் "காணவில்லை" என்றுதான் எழுதுகிறார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அம்மா இருக்கிறாள்.

"கரைக்கு நீந்திப் போயிருப்பான். வாவியில வளந்த புள்ளதானே."

வாவியில் எந்தப் பக்கம் நீந்தினாலும் கரை. அங்கே அப்படியா?

யூலை 5, சனி

நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். அந்த வடகரையை முதன்முதலில் அளந்த ரஷ்யர்களைப் பற்றியது. தம்பி போன இடம் எப்படி என்று பார்க்கத்தான். மரக்கப்பல், நாய்கள் இழுக்கும் வண்டி, ஆழம் பார்க்கக் கயிறு. பனிக்குள் கப்பல் இறுகி, கரையொதுங்கிய மரத்தில் குடிசை கட்டி, குளிர்காலம் கழித்துத் திரும்பியவர்கள் உண்டு. அதை மட்டும் அம்மாவுக்கு வாசித்தேன். கஞ்சி குடித்தாள். பெரிய கெட்டிக்காரி நான்.

யூலை 8, செவ்வாய்

வாங்க: மா, சவர்க்காரம், அம்மாவின் பிரஷர் குளிசை. மறந்தது குளிசை.

எதிர்வீட்டு அக்காவிடம் அம்மா: "குடிசை ஒண்டுக்குள்ள இரிக்கான். பனி கரைஞ்சா வருவான்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் முற்றத்தைப் பார்த்தேன்.

புத்தகத்தின் மிச்சம் வாசித்தேன், எனக்கு மட்டும். பல்முரசு வீங்கி, பல் கழன்று செத்தவர்கள். ஒரு கப்பல் தலைவன் மனைவியையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அவன் செத்துச் சில நாளில் அவளும். அதற்குப் பிறகும் மற்றவர்கள் கரையை அளந்திருக்கிறார்கள், பாவிகள். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனாலும் அம்மாவை ஏமாற்றிவிட்டேன்.

யூலை 11, வெள்ளி

கப்பல்காரர்களின் மின்னஞ்சல். தேடுவதை நிறுத்திவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டுச் சின்னதாக ஒரு கடிதம்.

பனிச்சங்கேணியிலிருந்து மாமா, அம்மாவின் தம்பி, வந்தார். உடல் இல்லாவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கலாம் என்றார். "அக்கா, இனியும் இழுக்கேலாது."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அந்தப் புத்தகத்தில ஒருத்தரும் சாகல்லையா புள்ள?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. அழுதிருக்கலாம். "செய்யுங்க" என்றாள்.

யூலை 13, ஞாயிறு

வெயில். மாமா எரித்துவிட்டு வந்தார். புல்தானே, பற்றின உடனே முடிந்துவிட்டதாம். வீடு நிறையச் சனம். பின்னேரம் ஒருவரும் இல்லை. கதிரைகள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அம்மா கேட்டாள். "அங்க செத்தவங்களுக்கு மற்ற ஆக்கள் என்ன செஞ்சாங்க?"

"கரையில சிலுவை நட்டாங்க. முனைக்கு, தீவுக்கு அவங்கட பேரை வெச்சாங்க."

கதிரை ஒன்றை இழுத்து உட்கார்ந்தாள்.

"அப்ப சுதன்ட பேரையும் ஒண்டுக்கு வைக்கச் சொல்லி எழுதன் புள்ள. சின்னதா ஒண்டெண்டாலும் காணும்."

"அங்க எல்லாத்துக்கும் பேர் வெச்சு முடிஞ்சுதம்மா."