ராசிக் காந்தம்

அன்பு மாப்ளே,

‘அன்பு’ கைப்பழக்கத்தில் வந்துவிட்டது, இருக்கட்டும்.

நீ விட்டுப்போன சாமான்களில், குடுவைக்குள் சுழன்று கலக்கும் அந்தக் காந்தத்தை மட்டும் கூரியரில் அனுப்பச் சொன்னாய். “டேய், அது என் ராசிக் காந்தம்டா, எவனும் தொடாதீங்க!” என்று ஆய்வகத்தில் நீ கத்தும்போதெல்லாம் நானும்தான் சிரித்தேன்.

அனுப்பும் முன் ஒன்று செய்தேன். ஹைட்ரஜனைப் பூட்டிவைத்திருக்கும் கரைசலில், அதை வெளியே விடுவிக்கும் என்று நாம் கட்டுரை எழுதிய நிக்கல் தூளைப் போட்டு, புதுக் காந்தத்தால் கலக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. பிறகு நிக்கலே இல்லாமல் உன் காந்தத்தை மட்டும் போட்டேன். பொங்கிக்கொண்டு வந்தது. உன் பழைய பிளாட்டினம் வேலையின் மிச்சம் அதன் தோலில் ஒட்டியிருக்கிறது; இத்தனை நாள் குமிழி கிளப்பியது அதுதான், நிக்கல் அல்ல.

தெரியாமல் நடந்த தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். தெரியாதவன் ஏன் அதை மட்டும் கேட்கிறான்?

“பிளாட்டினம் எதுக்கு, மலிவான நிக்கலே போதும்” என்று நான் மேடையில் மார்தட்டியபோது, முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாயே, அதைத்தான் செரிக்க முடியவில்லை.

காந்தம் வராது. நாளை அது பேராசிரியர் மேஜையில் இருக்கும். நம் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லப்போகிறேன். என் பட்டமும் அதோடு போகும். முடிந்தால் வா. முதல் வரிசையிலேயே உட்கார்.

இப்படிக்கு,
உன்னோடு உட்கார்ந்து குமிழி எண்ணியவன்