பன்றிக்குக் குளிரவில்லை

ஏழு மலைக்கு ஒரே குடையும், அக்குடைக்குள் ஆறு வயதும் உடைய கருங்குவளை நாட்டுப் பேரரசி, மலர்ந்த முகமும் விழுந்த முன்பல்லும் கொண்ட நறுமுகை நாச்சியார் திருவடிகளுக்கு, வனக்காவல் தலைவன் இளந்தத்தன் நெற்றி நிலத்தில் படப் பணிந்து விடுக்கும் ஓலை. தேவியார் மலைகளில் மழை பொய்யாதிருக்க. விழுந்த பல் விரைந்து முளைக்க.

சென்ற திங்கள் இளந்தத்தன் அனுப்பிய ஓலையில், வடகாட்டுப் பன்றிகள் உழவரைக் கண்டால் சிலிர்த்து நிற்கின்றன என்று எழுதியிருந்தான். எழுதிய கையை இப்போது நொந்துகொள்கிறான். அவ்வோலையைப் படிக்கக் கேட்ட தேவியார், ஐயோ பாவம், குளிரில் சிலிர்க்கின்றனவே என்று கண் கலங்கி, அவற்றுக்குக் கம்பளம் போர்த்துமாறு ஆணையிட்டருளினார். அவையில் முதிர்ந்த அமைச்சர் பன்னிருவர் இருந்தும், என்னே கருணை என்று தலையாட்டினரே அன்றி வேறொன்று சொல்ல வாய் திறந்தாரில்லை எனக் கேள்வி. அப்பன்னிருவரில் ஒருவரும் கம்பளம் தூக்கிக்கொண்டு காட்டுக்கு வரவில்லை என்பதையும் பணிவுடன் குறிக்கிறான்.

தேவியார் அறிக. சிலிர்ப்பு என்பது சொல்லால் ஒன்று, காரணத்தால் பல. வாடைக்காற்றில் நீராடினால் தேவியாரின் கைமயிர் எழும். பன்றிக்கோ சினமோ அச்சமோ வந்தால் பிடரி தொடங்கி முதுகு வரை மயிர் எழும். உடலைப் பெரிதாகக் காட்டி, கிட்டே வந்தால் நடப்பதே வேறு என்று அது சொல்லும் முறை அஃது. அம்மயிர் தேவியாரின் கூந்தல் போன்றதன்று. தென்னை ஈர்க்குப் போல விறைத்தது, நுனி பிளந்தது. முட்புதருக்குள் நுழைந்தாலும் தோலை எளிதில் கீற விடாது. புரண்ட சேறு அதில் பிடித்துக் காயும். பின் மரத்தில் உரசும்போது உண்ணிகளோடு உதிரும். குளிர்காலத்தில் அதற்கடியில் மென்மயிரும் வளரும். ஆக, பன்றி கம்பளத்தோடே பிறக்கிறது. துவைக்கும் தொல்லையும் இல்லை.

ஆணையும் கம்பளங்களும் நேற்றே வந்து சேர்ந்தமையால், இன்று காலை காவலன் கட்டியன் ஓர் ஆண் பன்றியை அணுகினான். பன்றி சிலிர்த்தது. கட்டியன் இலுப்பை மரத்தில் ஏறினான். கம்பளம் இரண்டாயிற்று. அஞ்சாமல் இறங்கி வா என்று இளந்தத்தன் புதருக்குப் பின்னிருந்து வீரமாக அழைத்தபோது, ஐயா, முதலில் ஆணையைப் பன்றிக்குப் படித்துக் காட்டும், அது தலைவணங்கினால் இறங்குகிறேன் என்று விடையிறுத்தான். ஏறும்போதே பன்றியின் கோரைப்பல் பட்டு அவன் கெண்டைக்கால் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. நாளை விடிந்தால் ஆறு காவலர் போக வேண்டும். ஆறு பேரும் திரும்புவர் என்று எழுத எழுத்தாணி ஓடவில்லை.

முத்திரையிட்ட ஆணையை அழிப்பது கருங்குவளை மரபில் இல்லை. ஒரு சொல் கூட்டலாம், ஒன்றும் குறைக்கலாகாது. ஆதலால் இளந்தத்தன் ஆணையோலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பன்றிக்குக் கம்பளம் போர்த்துக என்றிருக்கிறது. அதன் முன்னே கேட்கும் என்ற ஒரே சொல்லைக் கூட்டி, கேட்கும் பன்றிக்குக் கம்பளம் போர்த்துக என்று தேவியார் திருக்கையால் முத்திரை வைத்தருள வேண்டும். அதன்பின் ஆறு காவலரும் கம்பளங்களைக் காட்டெல்லையில் அடுக்கிவைத்து, ஆணையை இம்மியும் மீறாமல், ஏதேனும் ஒரு பன்றி வந்து வாய் திறந்து கேட்கும் வரை காத்திருப்பர்.

இது வேங்கையிலை முத்திரையிட்ட இளந்தத்தன் எழுத்து. ஓலை கொணர்வோனை இன்றே திருப்பியனுப்பி அருள்க. பன்றிகள் விடியலில் எழும்.