நாலு எழுத்தும் ஏழாவது சத்தமும்

ஜூலை 8, 1996, திங்கள்

இந்த டைரியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு வெட்கமாக இருந்தாலும் எழுதுவேன். நெய்க்காரப்பட்டி உரக்கடையில் அப்பாவுக்குக் கொடுத்த போன வருஷத்து டைரி இது. கிழமைகள் இரண்டு நாள் தள்ளி நிற்கின்றன, அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

திண்டுக்கல் விடுதிக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. பிளஸ் ஒன், இங்கிலீஷ் மீடியம். பத்தாவது வரை தமிழில் படித்தவர்கள் வகுப்பில் இரண்டே பேர்: நானும், பேகம்பூரிலிருந்து நடந்து வரும் நர்கீஸும்.

இன்று கிளாரா மிஸ் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். 'என் அம்மாவுக்குக் கடுமையான இருமல்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இருமலுக்கு 'காஃப்' என்று சொல்ல வேண்டுமாம். நான் 'பேட் கௌ' என்று வாசித்தேன். அதாவது, என் அம்மாவிடம் ஒரு கெட்ட மாடு இருக்கிறது!

முதல் பெஞ்ச் ரீனா கேட்டாள்: "எம்புட்டு லிட்டர்டி கறக்கும்?"

"உட்காரட்டுங்களா மிஸ்?" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

ஆறாம் வகுப்பில் ஏருக்கு 'ப்ளௌ' என்று படித்தேன். எங்கள் காட்டில் ஏர் ஓடுவதால் அந்தச் சொல் மறக்கவே மறக்காது. இருமலுக்கும் கடைசியில் அதே நாலு எழுத்துதான்: ஓ-யூ-ஜி-ஹெச். அது ப்ளௌ என்றால் இது கௌதானே? யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

ஜூலை 9

சாப்பாட்டு வரிசையில் பின்னாலிருந்து "ம்மா...!" என்று ஒரு குரல். யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 11

மதியம் நர்கீஸ் வந்து, "கெட்ட மாட்டுக்காரி, செத்த தள்ளி ஒக்காரு" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். ரீனா சொன்னபோது அழுகை வந்தது, இவள் சொன்னால் ஏன் வரவில்லை?

இந்த ஊரில் என்னோடு பேசுவது அவள் ஒருத்திதான். வகுப்பில் இனி வாயே திறக்கப்போவதில்லை என்று அவளிடம் சொன்னேன். "அப்ப எங்கிட்டத் தொற" என்றாள்.

அந்த நாலு எழுத்துச் சொற்களையெல்லாம் ஒரு பட்டியல் போட முடிவு செய்தோம். ஒன்று கண்ணெதிரிலேயே இருந்தது! ரஃப் நோட்டு, ரஃப் நோட்டு என்று இத்தனை வருஷமாகச் சொல்கிறேன். அட்டையில் அச்சடித்திருந்ததை ஒருநாளும் எழுத்துக் கூட்டிப் பார்க்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

அப்பா வந்தார். பை நிறைய மாங்காய், முறுக்கு. பார்வையாளர் அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"இங்கிலீசு வருதா கண்ணு?"

"வருதுங்கப்பா."

பஸ் ஏறப் போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது முறையும் திரும்பியிருந்தால் கூடவே போயிருப்பேன்.

ஜூலை 18

பட்டியலில் பதினேழு சொற்கள் சேர்ந்துவிட்டன. நாலு எழுத்துக்கு இதுவரை ஆறு சத்தம்: ரஃப், காஃப், தோ, த்ரூ, ப்ளௌ, தாட். தமிழ் எழுத்து இப்படி ஆளுக்கு ஆள் மாற்றிப் பேசாது.

நர்கீஸ் அத்தா என்று கூப்பிடும் அவள் அப்பாவுக்குப் பரோட்டாக் கடை. நாளைய பாடத்தில் பிசைந்த மாவுக்கு ஒரு சொல் வருகிறது. அதிலும் இதே நாலு எழுத்து. "இது எங்க வீட்டுச் சொல்லு, நாந்தேன் வாசிப்பேன்" என்று குதித்தாள். எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்டாள். என் சின்ன அகராதியில் அர்த்தம் மட்டும்தான் இருக்கிறது, உச்சரிப்பு இல்லை. ஆனாலும் "டஃப்" என்றேன். தெரிந்தவள் மாதிரி சொன்னேன்.

ஜூலை 19

இன்று விசேஷம் ஒன்றும் இல்லை. மழை வரும்போல் இருந்தது. வரவில்லை.

ஜூலை 20, சனி

நேற்று எழுதியது பொய்.

நர்கீஸ் தானாகவே கை தூக்கி எழுந்து வாசித்தாள். கெட்டியான மாவு என்று வரும் இடத்தில் "டஃப் டஃப்" என்றாள். முதல் டஃப் சரிதான், கெட்டிக்கு அதுதான் சொல். மாவுக்கு 'டோ' என்று சொல்ல வேண்டும். ரீனா, "ஏய், புல்லட் வண்டி கெளம்பிருச்சு, வழிவிடுங்கடி!" என்றாள். வகுப்பு முழுக்க டஃப் டஃப் என்று மேசையைத் தட்டியது.

நர்கீஸ் என்னைப் பார்த்தாள்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆமாம், நான்தான். முதல்முறையாகச் சிரிப்பு என் பக்கம் இருந்தது. சொல்லிக்கொடுத்ததும் நான்தான் — ஏன் சிரிச்சேன்? வாயப் பொத்தியிருக்கலாம்ல? தலையையாவது குனிஞ்சிருக்கலாம்ல?

ஜூலை 22

நர்கீஸ் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். என் பக்கத்தில் யாரும் இல்லை.

மதியம் ரீனா கூப்பிட்டாள்: "ஏ கௌ, பரவாயில்லயே, ஒனக்கும் சிரிக்கத் தெரியுதே! இங்க வா." போனேன். யார் யாரையோ பற்றிப் பேசினார்கள். எனக்கு ஒருவரையும் தெரியாது. என்னை ஒன்றும் கேட்கவில்லை. என் முறுக்கு மட்டும் தீர்ந்துவிட்டது.

ஜூலை 24

இங்கிலீஷ் வகுப்பில் எழுந்து நின்றேன். "மிஸ், அன்னிக்கு நர்கீஸுக்கு நான்தானுங்க தப்பாச் சொல்லிக் கொடுத்தேன். அவ மேல தப்பில்லைங்க. நானும் சேர்ந்து சிரிச்சுட்டேனுங்க."

ரீனா பக்கத்திலிருப்பவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். கிளாரா மிஸ் அவளை வெளியே நிற்கச் சொன்னார்.

கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். நர்கீஸ் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஜூலை 26

இன்று யாரோடும் பேசவில்லை. வருகைப்பதிவில் "பிரசென்ட் மிஸ்" என்றதோடு சரி.

ஜூலை 29

அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன்: 'நலமாக இருக்கிறேன், நிறையத் தோழிகள்.' தபாலில் போடாமல் கிழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மதியம் சாப்பிடும்போது விக்கல். நிற்கவே இல்லை. ரீனா கூட்டம் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தது. பன்னிரண்டாவது விக்கலில் என் முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில் வந்தது.

நர்கீஸ்.

"குடி. ஒன்னய யாரோ நெனைக்கிறாங்க."

"எங்கப்பாவா இருக்கும்" என்றேன், இரண்டு விக்கலுக்கு நடுவில்.

"ஒங்கப்பா இல்ல, நாந்தேன். பின்னாடி ஒக்காந்து ஒன்னய வஞ்சுக்கிட்டே இருந்தேன்."

பாதித் தண்ணீரை என் மேலேயே ஊற்றிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. ரஃப் நோட்டை நீட்டினாள். அதில் ஒரே ஒரு சொல். ஹெச்-ஐ-சி-சி என்று தொடங்கி அதே நாலு எழுத்தில் முடிந்தது.

"விக்கலுக்குப் பழைய எழுத்தாம். ஒம் பட்டியல்ல இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். எப்படிச் சொல்வது என்று கேட்டேன்.

"ஹிக்கப். மிஸ்ஸுட்டக் கேட்டு வச்சிருக்கேன். ஒன்னய நம்ப முடியாதுல்ல? ஒரு வாரமா வச்சிருக்கேன், சொல்ல ஆளு இல்ல."

"இன்னும் கோபமா?"

"இருக்கு. அம்புட்டுச் சீக்கிரம் போகாது."

மணி அடித்ததும் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். பெஞ்சில் தன் பக்கத்தில் இருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தாள். கூப்பிடவில்லை. நானே போய் உட்கார்ந்தேன். மாலை வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை. அது நேற்று வரை இருந்த பேசாமை மாதிரி இல்லை.

ஏழாவது சத்தத்தை இப்போதுதான் பட்டியலில் எழுதினேன். அதற்கு நேராக அவள் பெயரை எழு— விளக்கை அணைத்துவிட்டார்கள்.